கோயிம்பிரா சுற்றுலாவும் கைபேசியும்: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

இரண்டாம் தவணை நல்லபடியாக முடிந்தது. எழுத்துத் தேர்வில் எல்லா வகுப்புகளும் முன்னேறியிருக்கின்றன. பேச்சுப்போட்டியில் பரிசு பெற்ற பிள்ளைகளுக்கு வாழ்த்துகள். பொங்கல் விழாவுக்கு உழைத்தவர்களுக்கு நன்றி. மூத்த பிரிவின் போர்த்துக்கல் சுற்றுலாவும் பத்திரமாக நிறைவேறியது. அதில் கோயிம்பிராவில் கழிந்த ஒரு நாளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

1290இல் லிஸ்பனில் தொடங்கிய பல்கலைக்கழகம், 1537இல் நிரந்தரமாக கோயிம்பிராவுக்கு வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் அங்கே படித்தவர்தான், பின்னர் தமிழ் கற்ற போர்த்துக்கீசியப் பாதிரியார் அண்டிரிக் அடிகளார். 1578இல் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' அவர் தந்த கிறித்தவ சமய நூல். நம் பிள்ளைகள் ஒரு மாதம் இதைப் படித்து, பல்கலைக்கழக முற்றத்தில் நின்று தமிழில் பேசத் தயாராகிப் போனார்கள்.

காலையில் சாந்தா குரூஸ் ஆலயத்தில் போர்த்துக்கலின் முதல் மன்னரின் கல்லறையைப் பார்த்துவிட்டு மலையேறினோம். பழைய பேராலயத்துக்கு ஏறும் படிக்கட்டுக்கு 'முதுகொடிச்சான்' என்ற பொருளில்தான் அந்த ஊரார் பெயர் வைத்திருக்கிறார்கள். அங்கேதான் நாங்கள் தாமதித்தோம். படியேற முடியாமல் அல்ல. வீட்டிலிருந்து வந்த காணொளி அழைப்புகளால். ஒரு பிள்ளை நின்றால் வழிகாட்டி நிற்க வேண்டும், குழு முழுவதும் நிற்க வேண்டும்.

மேலே பல்கலைக்கழகத்தின் பழைய ஜோவானினா நூலகம். 1717இல் தொடங்கி 1728இல் கட்டி முடித்தது. அங்கே வௌவால்கள் இரவில் பூச்சிகளைத் தின்று புத்தகங்களைக் காக்கின்றன. அவற்றின் எச்சம் படாமலிருக்க, மாலையில் மேசைகளின்மேல் தோல் விரிப்பார்கள். இதைக் கேட்ட நாள் முதல் பிள்ளைகளுக்கு அதே பேச்சு. ஆனால் நுழைவுச்சீட்டில் குறித்த நேரத்துக்கு உள்ளே போயாக வேண்டும். பத்து நிமிடம் பிந்திப் போனோம். கதவு சாத்தியிருந்தது. அன்று வேறு நேரமும் கிடைக்கவில்லை. சின்னவள் ஒருத்தி அழுதே விட்டாள்.

முற்றத்தில் ஒரு மாணவன் அடிகளாரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோதும் அவன் கைபேசி அடித்தது. "சாப்பிட்டியா?" என்ற கேள்விதான். தூரதேசம் போன பிள்ளையை அப்படிக் கேட்காத தாய் யார்? எனக்கும் பிள்ளைகள் உண்டு. ஆனால் அவன் விட்ட இடத்தைப் பிடிக்க முடியாமல் தலைகுனிந்து நின்றதை நான் பார்த்தேன்.

ஆகவே தெளிவாகச் சொல்கிறேன். இனிவரும் சுற்றுலாக்களில் காலையில் கைபேசிகளை ஆசிரியரிடம் ஒப்படைக்க வேண்டும். இரவு உணவுக்குப் பின்தான் திரும்பக் கிடைக்கும். அவசரமென்றால் பொறுப்பாசிரியரை அழையுங்கள், உடனே பேசுவார். படங்கள் மாலையில் வாட்ஸ்அப் குழுவுக்கு வரும். இதற்கு ஒப்புக்கொள்ளாத பெற்றோரின் பிள்ளையை அழைத்துச் செல்ல இயலாது. இதில் விலக்கு கேட்க வேண்டாம்.

யாரையும் நோகடிக்க இதை எழுதவில்லை. அதிகாலையில் பிள்ளைகளை விமான நிலையத்துக்குக் கொண்டுவந்தவர்களும், அடுத்தவர் பிள்ளைக்கும் சேர்த்துப் புளிச்சோறு கட்டித் தந்தவர்களும் நீங்கள்தான். உங்கள் நம்பிக்கை இல்லாமல் இந்தப் பள்ளி ஒரு நாளும் நடக்காது. மனமார்ந்த நன்றி.

ஒப்புதல் படிவத்தை அடுத்த சனிக்கிழமைக்குள் கையொப்பமிட்டு வகுப்பாசிரியரிடம் கொடுங்கள். அன்று வகுப்பு முடிந்ததும் அந்த மாணவன் தன் பேச்சை மண்டபத்தில் முழுமையாகப் பேசுவான். வந்து கேளுங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்