ரொனால்டோ பட்டியலில் நம் மொக்தாரும் இருக்கிறார்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ரொனால்டோவைப் பற்றி உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்த கட்டுரையை வீட்டில் எல்லாரும் மாற்றி மாற்றிப் படித்தோம். நல்ல கட்டுரை. 2021 செப்டம்பரில் அயர்லாந்துடன் தோற்றுக்கொண்டிருந்த ஆட்டத்தில், அதுவும் பினால்டியைத் தவறவிட்ட பிறகு, கடைசி நிமிடங்களில் தலையால் முட்டி இரண்டு கோல் போட்டு நாட்டுக்காக ஆடிய ஆட்டங்களில் ஈரானின் அலி டாயி வைத்திருந்த 109 கோல் சாதனையைத் தாண்டினாரே, அதை எத்தனை முறை படித்தாலும் சலிக்காது. 2023இல் ஐஸ்லாந்துக்கு எதிராக 200ஆவது அனைத்துலக ஆட்டம், அதிலும் வெற்றி கோல் அவருடையதுதான். அந்த உழைப்பை யாராலும் குறை சொல்ல முடியாது.

ஆனால் நாட்டுக்காக அதிக கோல் போட்டவர்களின் பட்டியலை முதல் மூன்று பேரோடு நிறுத்திவிட்டீர்கள் ஐயா. இன்னும் கொஞ்சம் கீழே இறங்கியிருந்தால் நம் கோலாலம்பூர் ஆள் ஒருவர் வந்திருப்பார்.

மொக்தார் டஹாரி. செத்தாப்பாக்கில் பிறந்தவர், விக்டோரியா இன்ஸ்டிட்யூஷனில் படித்தவர். மலேசியாவுக்காக 142 ஆட்டங்களில் 89 கோல். அவருக்கு மேலே இருப்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பெலே பிரேசிலுக்குப் போட்டது 77, ஹங்கேரியின் புஸ்காஸ் போட்டது 84. அந்தப் புஸ்காஸ் பெயரில் ஆண்டின் சிறந்த கோலுக்கு ஃபீஃபா கொடுக்கும் விருதைத்தான் 2016ஆம் ஆண்டுக்கு நம் பினாங்கு ஆட்டக்காரர் ஃபைஸ் சுப்ரி வாங்கினார், அதை நாடே கொண்டாடியது. புஸ்காஸைவிட அதிக கோல் போட்டவர் இங்கேயே இருந்தார் என்பதை எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறோம்?

"அந்தக் காலத்தில் யாரோடு ஆடினார்கள், எல்லாம் சின்ன நாடுகள்தானே" என்று சிலர் சொல்வார்கள். எனக்கு இந்தப் பேச்சு பிடிக்கவே பிடிக்காது. ரொனால்டோவும்தான் லக்சம்பர்க்குக்கும் லித்துவேனியாவுக்கும் எதிராகக் கோல் கோலாகப் போட்டிருக்கிறார், அதை யாராவது கழிக்கிறார்களா? இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 1975இல் சிலாங்கூர் அணி இங்கிலாந்தின் ஆர்சனல் கிளப்பை 2-0 என்று வென்றபோது இரண்டையும் போட்டவர் மொக்தார். 1978இல் பயிற்சியாளர் பாபி ராப்சன் கொண்டுவந்த இங்கிலாந்து 'பி' அணிக்கு, அதாவது அவர்களின் இரண்டாம் அணிக்கு, எதிராக மெர்டேக்கா அரங்கத்தில் பாதித் திடலிலிருந்து பந்தை எடுத்துக்கொண்டு ஓடி, வந்தவனையெல்லாம் கடந்து ஒரு கோல் போட்டார், ஆட்டம் 1-1. இன்றைக்கும் பெரியவர்கள் பேசுவது இந்தக் கோல்களைத்தான். இவை எதுவுமே அந்த 89இல் சேராது! ஒன்று மாநில அணிக்கான ஆட்டம், இன்னொன்று 'பி' அணியோடு ஆடியது. இவற்றையெல்லாம் தள்ளிய பிறகு நிற்பதுதான் 89.

அப்புறம், அவர் காலத்தில் இங்கே தொழில்முறை லீக் கிடையாது. அரைத் தொழில்முறை லீக்கே 1989இல்தான் வந்தது. வேலைக்கும் போய்விட்டு, பயிற்சிக்கும் வந்து, சிலாங்கூருக்கு 10 மலேசியக் கிண்ணம் வாங்கித் தந்தார். நரம்பு நோய் வந்து 1991இல் போய்விட்டார், வயது 37.

மொக்தார் ஆடிய அதே மலேசிய அணியில் சோ சின் ஆன். ரொனால்டோ தாண்டிப் போன அந்த அதிக ஆட்டங்கள் பட்டியலில் 195 ஆட்டங்களோடு இவர் பெயரும் இருக்கிறது. கோல் பட்டியலில் ஒருவர், ஆட்டப் பட்டியலில் ஒருவர், இரண்டு பேரும் ஒரே காலத்தில் ஒரே ஜெர்சி போட்டவர்கள். எப்படி முடிந்தது என்றால், 1957இலிருந்து மெர்டேக்கா கிண்ணப் போட்டிக்கு வெளிநாட்டு அணிகளை வருஷா வருஷம் இங்கே வரவழைத்தோம், தாய்லாந்துக்கும் கொரியாவுக்கும் போட்டிகளுக்குப் போனோம், ஆட்டக்காரர்களுக்கு ஓய்வே இல்லாமல் ஆட்டம் கிடைத்தது. 1974 தெஹ்ரான் ஆசிய விளையாட்டில் வெண்கலம் வந்தது சும்மா இல்லை.

அவர்களுக்குப் பின்னால் கோல் கம்பத்தில் நம் ஆர். ஆறுமுகம். நீண்ட கைகளை வைத்து 'ஸ்பைடர்மேன்' என்றே கூப்பிட்டார்கள். 1980இல் தென் கொரியாவை 2-1 என்று வென்று மாஸ்கோ ஒலிம்பிக்குத் தகுதி பெற்ற அணியின் கோல் காவலர். நாடு புறக்கணித்ததால் மாஸ்கோவுக்குப் போக முடியவில்லை. 1988இல் சாலை விபத்தில் இறந்தபோது வயது 35. ஒரு தமிழ்ப் பத்திரிகை இவரைப் பற்றி முழுப் பக்கம் எழுத வேறு என்ன காரணம் வேண்டும்?

அடுத்த முறை அந்தப் பட்டியலைப் போடும்போது மொக்தார் வரைக்கும் போடுங்கள். ஞாயிறு பதிப்பில் மாணவர் பக்கத்தில் இந்த மூன்று பேரையும் பற்றி ஒரு தொடர் எழுதுங்கள். மெர்டேக்கா அரங்கத்தில் அவர்கள் ஆட்டத்தை நேரில் பார்த்தவர்கள் செந்தூலிலும் கிள்ளானிலும் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள். நிருபரை அனுப்புங்கள், மணிக்கணக்கில் பேசுவார்கள்.

வாசகர்,
செந்தூல், கோலாலம்பூர்