ஞாயிற்றுக்கிழமை நான் வரவில்லை, அக்கா

அக்கா,

அம்மாவின் நினைவு நாளுக்கு இந்த முறை நான் வரவில்லை. போனில் சொன்னால் பாதியிலேயே வைத்துவிடுவாய். குடும்பக் குரூப்பில் "மனசு இருந்தா வழி உண்டு" என்று நீ போட்டதற்கு அத்தனை பேரும் கைகூப்பி வைத்திருக்கிறார்கள். அவர்களும் படிக்கட்டும் என்றுதான் இங்கே எழுதுகிறேன்.

இது மழைக்காலம். பேச்சிப்பாறை அணையின் கொள்ளளவே 48 அடி. அது நிரம்பி, மிஞ்சிய தண்ணீருக்கு மறுகால் திறந்தால் கோதையாறு திற்பரப்பைத் தாண்டி குழித்துறை சப்பாத்துத் தரைப்பாலம் வரைக்கும் என்ன செய்யும் என்று ஆற்றங்கரையில் குடியிருக்கிற உனக்கு நான் சொல்ல வேண்டாம். காலையில் நல்ல வெயிலடிக்கிறதே என்பாய். மலையோரத்தில் ஐப்பசி மழை மத்தியானத்துக்கு மேல்தானே இடியோடு இறங்கும்? படையல் முடிந்து, சாப்பிட்டுவிட்டு நான் கிளம்புகிற நேரமும் அதுதான்.

சரி, இதெல்லாம் சாக்கு என்றுதான் உனக்குத் தோன்றும். உனக்கு உறுத்துவது அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அந்த ராத்திரி.

பின் சீட்டில் உன் மடியில் அம்மாவின் தலை. சப்பாத்தின் ஓரத்துக் குத்துக்கல் ஒன்றுகூட வெளியே தெரியவில்லை. "கொஞ்சத் தண்ணிதான் மக்கா, போயிரலாம்" என்றாய். போயிருப்பேன். அப்போது ஹெட்லைட் வெளிச்சத்தில் ஒரு சிரட்டை மிதந்து வந்தது. ரப்பர் பால் பிடிக்கிற சிரட்டை, உள்ளே வெள்ளைக் கறை காய்ந்திருந்தது. வலப்பக்கம் தெரிந்தது, இதோ என்று பார்ப்பதற்குள் இடப்பக்க இருட்டில் போய்விட்டது. ஓர் அடித் தண்ணீர் வேகமாக ஓடினாலே சின்னக் காரைத் தூக்கிவிடும். நமக்கு இருந்தது அந்தப் பழைய ஆல்ட்டோ. திருப்பினேன். குலசேகரம் சுற்றி ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை நீ வாய் திறக்கவில்லை. அம்மாதான் மூச்சு வாங்க வாங்க, "பைய போ மக்களே" என்றாள்.

அங்கே டாக்டர் சொன்னதை இங்கே எழுத மாட்டேன். சுற்றி வந்த நேரத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பதை மட்டும் மற்றவர்கள் தெரிந்துகொள்ளட்டும்.

படையல் வேலை அத்தனையும் உன் தலையில் விழுகிறது. அதற்கு மன்னித்துக்கொள். இடுப்பு வலியோடு தேங்காய் திருவிக்கொண்டு நிற்பாய், தெரியும். ஆனால் அன்றைக்குத் திருப்பியதற்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன். இன்றைக்கு அதே இடத்தில் நின்றாலும் திருப்புவேன். பின் சீட்டில் நீயும்தானே இருந்தாய்? "தண்ணியக் கண்டு பயந்தவன்" என்று கல்யாண வீட்டில் சித்தியிடம் சொன்னாயே, அது என் காதுக்கு வராது என்றா நினைத்தாய்? 2017 நவம்பர் 30, ஒக்கி புயல். ரப்பர் மரமெல்லாம் ரோட்டில் சாய, டவர் போவதற்குள் ஒவ்வொருவருக்காகப் போன் போட்டு "யாரும் வண்டி எடுக்காதீங்க" என்றவளும் நீதான். அன்றைக்கு யாரும் உன்னைப் பயந்தவள் என்று சொல்லவில்லை.

மழை வெறித்த பிறகு ஒரு நாள் பகலில் வருகிறேன். மரச்சீனி அவித்து வை. பேசாமல் இருந்தாலும் சரி, சாப்பிட்டுவிட்டுப் போகிறேன்.

அப்புறம், உன் பையன் ஞாயிற்றுக்கிழமை பைக்கில் வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போவதாக மெசேஜ் அனுப்பியிருக்கிறான். நான் வேண்டாம் என்றால் கேட்க மாட்டான். சாவியை வாங்கி நீ உள்ளே வை.