இடிக்கும் முன் ஒருமுறை அளந்துவிடுங்கள்

சாலை விரிவாக்கப் பணியைக் கவனிக்கும் பொறியாளர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் கீரைத் தோட்டத்து முனையில் இருக்கும் அந்தோணியார் கெபியின், அதாவது சின்னக் கோயிலின், சுவரில் உங்கள் ஆட்கள் ஒட்டிவிட்டுப் போன நோட்டீஸ் பற்றி எழுதுகிறேன். மாதவரத்திலிருந்து மணலிக்குப் போகும் வழியில், புழல் உபரிநீர்க் கால்வாயை ஒட்டி, கன்டெய்னர் யார்டுகளுக்கு நடுவே கொஞ்சம் பச்சை தெரியுமே, அதுதான் எங்கள் தோட்டம். இதுவரை கொடுத்த மூன்று மனுக்களும் உங்கள் கோப்பில் இருக்கும். இருக்கும் என்று நம்புகிறேன்.

நோட்டீஸில் 'ஆக்கிரமிப்பு' என்று போட்டிருக்கிறீர்கள். 1905ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டம், 7ஆம் பிரிவு. சரி. ஆனால் அந்தச் சட்டம் அரசு நிலத்துக்கு. கெபி நிற்பது என் தாத்தாவின் பட்டா நிலத்தில். இந்தச் சாலை அப்போது வண்டிப்பாட்டை; பழைய புலப்படத்தில், அதாவது நில அளவை வரைபடத்தில், அதன் அகலம் 25 லிங்க்ஸ், அதாவது 16½ அடி. எண்பதுகளில் நிலப் பதிவேடுகளைப் புதுப்பிக்கும் யூ.டி.ஆர். திட்டம் வந்து கணக்கெல்லாம் மீட்டருக்கு மாறியபோது பாட்டை தானாகவே 8 மீட்டர் ஆகிவிட்டது. பாட்டைக்கு வளர்ச்சி, எங்கள் முனைக்குத் தேய்மானம். நாங்கள் கேட்பது ஒன்றுதான்: பழைய படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, எங்களையும் கூட நிறுத்தி, ஒருமுறை அளந்து பாருங்கள்.

உங்களோடு வந்த தம்பி, "எந்த வருஷம் கட்டினது? ப்ரூஃப் இருக்கா?" என்று அம்மாவைக் கேட்டார். கெபி என்ன ஆர்மேனியன் தெரு கோயிலா, கல்வெட்டு வைக்க? ஆறடிக்கு நாலடி. கன்னியாகுமரிக்காரர்கள் குருசடி என்பார்கள், எங்கள் பக்கம் கெபி. தாத்தா கீரைக்கட்டுகளை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு கொத்தவால் சாவடிக்குப் போவார். செவ்வாய்க்கிழமை என்றால் சரக்கை இறக்கிவிட்டு அப்படியே ஆர்மேனியன் தெருவுக்கு நடந்துபோய் அந்தோணியாருக்கு ஒரு மெழுகுவத்தி ஏற்றிவிட்டுத்தான் திரும்புவார். ஒரு மழைக்காலத்தில் வலதுபக்கத்துக் காளை கயிற்றை அறுத்துக்கொண்டு போய்விட்டது. மூன்று நாள் தேடினார். தொலைந்ததைத் தேடித் தருபவர் அல்லவா அந்தோணியார், அவருக்கு நேர்ந்துகொண்டார். நாலாம் நாள் காலையில் காளை இதே முனையில், ஒதியமரத்தடியில் நின்றது. முதலில் ஓலைக்கொட்டகையும் மரச்சிலுவையும். அப்புறம் செங்கல். தரைக்குச் சிமெண்ட் பூசிய அன்றைக்கு அதே காளை ஈரத்தில் ஒரு கால் வைத்துவிட்டது. தாத்தா அதை அழிக்க விடவில்லை. மணலியில் 1969இல் சுத்திகரிப்பு ஆலை ஓடத் தொடங்கும் முன்பே பதிந்த தடம் அது. அம்மா அந்தக் குளம்புத் தடத்தைக் காட்டி, "மாட்டைத்தான் சார் கேக்கணும்" என்றார். அந்தத் தம்பி சிரித்தார். நாங்கள் சிரிக்கவில்லை.

அடுத்த வாரமே வடிகாலுக்கு என்று கெபிக்கு முன்னால் நாலடி ஆழத்துக்குப் பள்ளம் தோண்டினார்கள். தோண்டியவர்கள் இன்றுவரை திரும்பி வரவில்லை. அம்மாவுக்கு 78 வயது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து சாயங்காலம் அங்கே விளக்கேற்றாமல் அவர் உலை வைத்ததில்லை. பள்ளத்தின் மேல் ஒரு சென்ட்ரிங் பலகையைப் போட்டிருக்கிறோம். ஒரு கையில் எண்ணெய்க் கிண்ணம், இன்னொரு கையில் என் தோள். நான் யார்டில் ஷிப்டுக்குப் போன ஒருநாள் தனியாகப் போயிருக்கிறார். பலகை புரண்டுவிட்டது. அந்த வழியே போன லாரி டிரைவர் ஒருவர்தான் இறங்கித் தூக்கியிருக்கிறார். மணிக்கட்டில் மாவுக்கட்டு. இப்போது இடது கையால் விளக்கேற்றுகிறார், வேண்டாம் என்றால் கேட்பதில்லை. பள்ளத்தை மூடவும் உங்களுக்குப் பழைய புலப்படம் தேவைப்படுமா, ஐயா?

வடிகால் வேண்டாம் என்று சொல்லவில்லை. 2015இலும் 2023 டிசம்பர் புயலிலும் இந்தப் பக்கம் தண்ணீர் எப்படி நின்றது என்று எங்களைவிட யாருக்குத் தெரியும்? கெபிச் சுவரில் இரண்டு வெள்ளத்தின் கறையும் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கிறது. ஆனால் நீங்கள் பாதியில் விட்ட வடிகால் தெருவைவிட உயரத்தில் இருக்கிறது. தண்ணீருக்கு ஏணி வைப்பீர்களோ என்னவோ. சாலையின் இரண்டு பக்கமும் நாள்கணக்காக நிற்கும் ட்ரெய்லர்கள் உங்கள் கண்ணுக்கு ஆக்கிரமிப்பாகப் படவில்லை, ஆறடிக்கு நாலடி மட்டும் படுகிறது. வடசென்னைக்கு வருவதெல்லாம் சாம்பல், எண்ணெய், லாரி. அளவை மட்டும் வராது.

கோபத்தில் வழி மாறிவிட்டேன், மன்னிக்கவும்.

பழைய புலப்படம் உங்கள் ஆபீஸில் கிடைக்கவில்லை என்று போன முறை சொன்னீர்கள். எங்களிடம் முத்திரை போட்ட நகல் இருக்கிறது, தருகிறோம். (அசலும் வேண்டுமென்றால் அந்தோணியாரிடம் கேட்டுப் பார்க்கலாம், அது அவர் வேலைதான்.) அளந்தபின் கெபி பாட்டையில்தான் நிற்கிறது என்று தெரிந்தால், செங்கல் செங்கல்லாக நாங்களே பிரித்து உள்ளே தள்ளிக் கட்டிக்கொள்கிறோம். இல்லை, பட்டா நிலம்தான், ஆனாலும் சாலைக்கு வேண்டும் என்றால் முறைப்படி கேளுங்கள், அதற்கும் சட்டம் இருக்கிறது. எப்படியானாலும் அந்தக் குளம்பு பதிந்த தரைத்துண்டைப் பெயர்த்தெடுக்க எங்களுக்கு ஒரு நாள் கொடுங்கள்.

தயவுசெய்து, முதலில் பள்ளத்தை மூடுங்கள். அப்புறம் சர்வேயரை அனுப்புங்கள். செவ்வாய்க்கிழமை மட்டும் வேண்டாம், அன்று கெபியில் கூட்டம் இருக்கும், சங்கிலி பிடிக்க இடம் இருக்காது.

இப்படிக்கு,
கீரைத் தோட்டத்து வீட்டிலிருந்து