அகதிகளை எந்த ஊரில் குடியமர்த்துவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவின் அகதிகள் கொள்கை பற்றித் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளியான தலையங்கத்தைப் படித்தேன். எத்தனை பேரை ஏற்பது என்ற கேள்வியையே அது முதன்மையாக எடுத்துக்கொண்டிருந்தது. 2024 நிதியாண்டில் ஏறத்தாழ ஒரு லட்சம் அகதிகளை ஏற்ற நாடு, 2026 நிதியாண்டுக்கான உச்சவரம்பை 7,500 என்று சுருக்கியிருக்கும் நிலையில் அந்தக் கவலை நியாயமானது. எனக்கும் அது உண்டு. ஆனால், ஏற்கப்பட்டவர்களை அத்தனை பெரிய நாட்டில் எந்த ஊரில் குடியமர்த்துகிறார்கள், அதை யார் முடிவு செய்கிறார்கள் என்பது பற்றித் தமிழில் பேச்சே இல்லை. ஒகையோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் வசித்துக்கொண்டு, நேபாளி பேசும் பூட்டான் அகதிக் குடும்பங்களுக்கு மருத்துவமனைக்கும் அரசு அலுவலகங்களுக்கும் துணையாகச் சென்றுவருபவர்களில் நானும் உண்டு என்பதால், இதைப் பற்றி எழுதக் கடமைப்பட்டிருக்கிறேன்.

2025 தொடக்கத்தில் அகதிகள் திட்டம் பெருமளவு நிறுத்தப்படும் வரை இருந்த நடைமுறையைச் சொல்கிறேன். 1980ஆம் ஆண்டின் அகதிகள் சட்டத்தின் கீழ், அரசு தானே நேரடியாக யாரையும் குடியமர்த்தவில்லை. வெளியுறவுத் துறையோடு ஒப்பந்தம் செய்துகொண்ட தொண்டு அமைப்புகள், அவற்றில் பல சமயச் சார்புடையவை, முறையாகக் கூடி, வரவிருக்கும் குடும்பங்களைத் தங்களுக்குள் பிரித்துக்கொண்டன. பிறகு ஒவ்வொரு அமைப்பும் தன் கிளை அலுவலகம் உள்ள ஊர்களில் வாடகை வீடு, வேலை, பள்ளி, மொழிபெயர்ப்பாளர் ஆகியவற்றின் நிலையைப் பார்த்துக் குடும்பத்துக்கு ஓர் ஊரை ஒதுக்கியது. அமெரிக்காவில் நெருங்கிய உறவினர் இருப்பதாகத் தெரிந்தால் அவர்களுக்கு அருகில் வைக்க முயன்றார்கள். அப்படி எவரும் இல்லாத குடும்பம், தான் கேள்விப்பட்டே இராத ஓர் ஊரின் விமான நிலையத்தில் வந்து இறங்கியது. வரவேற்புக்கும் முதல் ஏற்பாடுகளுக்குமான உதவி 30 முதல் 90 நாட்கள் வரைதான். அதற்கென ஆளுக்கு 900 டாலராக இருந்த தொகை 2010இல்தான் 1,800 டாலராக உயர்த்தப்பட்டது. வந்த விமானப் பயணச் செலவும் கடன்தான். வட்டி இல்லை என்றாலும், சில மாதங்களில் திருப்பிக் கட்டத் தொடங்க வேண்டும்.

இந்தப் பிரித்தளிக்கும் முறையில் எனக்குள்ள மனக்குறை ஒன்றே. ஊரை ஒதுக்கும்போது வீட்டு வாடகையும் வேலைவாய்ப்பும் பெறும் கவனத்தை, உற்றார் உறவினரும் ஒரே முகாமில் ஒன்றாக வாழ்ந்தவர்களும் பெற்றதில்லை. 2018இல் ஒரு தொண்டு அமைப்பு, எந்தக் குடும்பத்தை எந்த ஊரில் வைத்தால் நல்லது என்று கணிக்கும் மென்பொருளைப் பயன்படுத்தத் தொடங்கியது. நியூயார்க் துறைமுகத்தில் குடிநுழைவு நிலையம் இருந்த எல்லிஸ் தீவு வழியாக முதலில் நுழைந்த குடியேறியான ஆனி மூரின் பெயரை அதற்குச் சூட்டினார்கள். பாராட்டத்தக்க முயற்சி அது. ஆயினும், வந்த 90 நாட்களுக்குள் வேலை கிடைக்குமா என்பதையே அது முதன்மை அளவுகோலாகக் கொண்டது. எழுபது வயது மூதாட்டி பகல் முழுதும் பேசுவதற்கு ஒரு மனிதர் அந்த ஊரில் இருப்பாரா என்பதையும் எவரேனும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டாமா?

பூட்டான் அகதிகளின் அனுபவத்தையே எடுத்துக்கொள்வோம். 1990களின் தொடக்கத்தில் பூட்டானைவிட்டு வெளியேற்றப்பட்ட, நேபாளி பேசும் லோட்ஷாம்பா மக்கள், நேபாளத்தின் ஜாபா, மொராங் மாவட்டங்களில் இருந்த ஏழு முகாம்களில் மூங்கில் குடிசைகளில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் வாழ்ந்தார்கள். அங்கேயே திருமணங்கள் நடந்தன, பிள்ளைகள் பிறந்து பள்ளி முடித்தார்கள். முகாமே அவர்களுக்கு ஊராகிவிட்டது. பூட்டானும் நேபாளமும் அல்லாத வேறு நாடுகளில் அவர்களைக் குடியமர்த்த 2007இல் தொடங்கிய மூன்றாம் நாட்டுக் குடியமர்வுத் திட்டத்தில் எட்டு நாடுகள் சேர்ந்து 1,13,000க்கும் மேற்பட்டோரை ஏற்றன. அவர்களுள் 90,000க்கும் அதிகமானோர் அமெரிக்காவுக்கு வந்தார்கள். இவ்வளவு பேரை ஏற்றதற்கு அமெரிக்காவைப் போற்றவே வேண்டும். ஆனால் முகாமில் அடுத்தடுத்த குடிசைகளில் இருந்த அண்ணனும் தம்பியும் வயதுவந்தவர்கள் என்பதால் தனித்தனிக் கோப்புகளாகி, வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு மாநிலங்களுக்கு அனுப்பப்பட்டது உண்டு. தாய் யாருடைய கோப்பில் இருந்தாரோ அவருடன் போனார்.

அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2013இல் வெளியிட்ட அறிக்கையை நம் வாசகர்கள் அறிய வேண்டும். 2009 பிப்ரவரி முதல் 2012 பிப்ரவரி வரையிலான காலத்தில், அமெரிக்காவில் குடியமர்ந்த பூட்டான் அகதிகளில் 16 பேர் தற்கொலை செய்துகொண்டதை அது ஆராய்ந்தது. இறந்தவர்கள் இங்கு வந்தபின் பட்ட துன்பங்களாக அவர்களுடைய குடும்பத்தினர் சொன்னவற்றில் மொழித் தடை, ஊரில் விட்டுவந்தவர்களைப் பற்றிய கவலை, குடும்பத்தைப் பிரிந்திருத்தல், சமய பண்பாட்டு வழக்கங்களைத் தொடர முடியாமை ஆகியவை முன்னின்றன. ஊர் ஒதுக்கீடுதான் அந்த மரணங்களுக்குக் காரணம் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்வதும் தவறு. ஆனால் அந்தத் துன்பங்களுள் சிலவற்றையேனும் ஊரைத் தேர்ந்தெடுக்கும்போதே குறைத்திருக்க முடியும் என்பதை எவரும் மறுக்க முடியாது.

அரசு செய்யாததை மக்களே செய்துகொண்டார்கள். பல மாநிலங்களில் சிதறிக் கிடந்தவர்கள் தொலைபேசியில் ஒருவரையொருவர் தேடிக் கண்டுபிடித்து, கொலம்பஸ், அக்ரன், பிட்ஸ்பர்க், ஹாரிஸ்பர்க் போன்ற நகரங்களில் வந்து கூடினார்கள். இன்று கொலம்பஸில் பூட்டான் நேபாளியர் சமூகம் இந்நாட்டிலேயே மிகப் பெரியவற்றுள் ஒன்று. நேபாளி மொழியில் குடியுரிமைத் தேர்வுக்குத் தயார்செய்யும் வகுப்பு, முதியோர் பகல்நேர மையம், மளிகைக் கடை என எல்லாம் அந்தக் கூட்டத்தால் உண்டானவை. குடியுரிமை வகுப்பு சிறிய விஷயமல்ல. வறிய முதியவர்களுக்கான மத்திய அரசின் மாதாந்திர உதவித்தொகை அகதிகளுக்கு ஏழு ஆண்டுகள் வரைதான்; அதற்குள் குடிமகனாகாதவர் அதை இழக்க நேரிடும். ஆங்கில எழுத்தே அறியாத ஒரு பாட்டி, தம் மொழி பேசுவோர் இல்லாத ஊரில் இருந்துகொண்டு இதை எப்படிக் கடப்பார்?

இது புதிய அனுபவமும் அல்ல. 1975இல் வியட்நாம் முதலிய நாடுகளிலிருந்து வந்த ஏறத்தாழ 1,30,000 பேரை, எந்த ஊரும் அதிகச் சுமை தாங்கக் கூடாது என்ற எண்ணத்தில் நாடு முழுவதும் வேண்டுமென்றே பரவலாக வைத்தார்கள். சில ஆண்டுகளுக்குள்ளேயே அவர்களில் கணிசமானோர் கலிஃபோர்னியாவின் ஆரஞ்சு வட்டாரத்துக்கும் டெக்சாஸின் ஹூஸ்டனுக்கும் பெயர்ந்தார்கள்.

இப்படிப் பெயர்வதால் வரும் சிக்கலையும் சொல்லியாக வேண்டும். மெய்ன் மாநிலத்தில் அப்போது சுமார் 36,000 பேர் வாழ்ந்த லூயிஸ்டன் என்ற பழைய ஆலை நகருக்கு, 2001 முதல் சோமாலிய அகதிகள் தாமாகவே குடிபெயர்ந்தார்கள். வாடகை குறைவு, ஊர் அமைதியானது, பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு என்பவை அவர்கள் சொன்ன காரணங்கள். அரசு அவர்களை அங்கு அனுப்பவில்லை என்பதால் வரவேற்க ஓர் ஏற்பாடும் இல்லை. 2002 அக்டோபரில் நகர மேயரே, மேலும் பேர் வருவதைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று சோமாலியச் சமூகத்துக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார். 2003 ஜனவரியில் வெள்ளை இனவெறிக் கும்பல் ஒன்று அங்கே கூட்டம் கூட்டியபோது, அகதிகளுக்கு ஆதரவாக ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். ஊர் மக்களின் மனம் நன்றாகவே இருந்தது. வந்தவர்களோடு நிதியும் வந்திருந்தால் மேயரின் கடிதத்துக்குத் தேவை இருந்திருக்குமா என்று எண்ணிப் பார்க்கிறேன்.

குடும்பம் பெயரும்போது முதல் வரவேற்புத் தொகை பெரும்பாலும் பழைய ஊரிலேயே செலவாகி முடிந்திருக்கும். மாநிலங்களுக்கான நிதிப் பகிர்வில் இடம்பெயர்ந்தவர்களையும் சேர்க்கும் வழி உண்டு என்றாலும், கணக்கெடுத்து, பகிர்ந்து, அது உள்ளூர் அமைப்பின் கைக்கு வருவதற்குள் அந்தக் குடும்பத்தின் நெருக்கடிக் காலம் கழிந்துவிடும்.

ஒரே இனத்தவர் ஓரிடத்தில் கூடினால் நாட்டோடு கலக்க மாட்டார்கள் என்று அஞ்சுவோர் உண்டு. அந்த அச்சத்தை நான் அலட்சியப்படுத்தவில்லை. 1985 முதல் சுவீடன் இதே காரணத்துக்காக அகதிகளை நாடெங்கும் பிரித்து வைத்தது. அந்தப் பதிவுகளைக் கொண்டு பொருளியல் அறிஞர்கள் 2003இல் வெளியிட்ட ஆய்வோ, குறைந்த கல்வி உடையவர்கள் தம் மக்கள் செறிந்து வாழும் இடத்தில் இருந்தபோது கூடுதலாகச் சம்பாதித்தார்கள் என்று காட்டியது. கொலம்பஸில் நான் காண்பதும் அதுவே: கிடங்கில் வேலை வாங்கித் தருபவரும், வேலைக்குக் காரில் ஏற்றிச் செல்பவரும் முன்பே வந்த உறவினர்தான்.

எனவே, இத்திட்டம் மீண்டும் முழு அளவில் தொடங்கும்போது, முகாமிலேயே அண்ணன் தம்பி, மணமான மகள், பெற்றோர் எல்லோரையும் ஒரே தொகுப்பாகப் பதிவுசெய்து, ஒரே நகருக்கோ அண்டை நகரங்களுக்கோ ஒதுக்க வேண்டும். அப்படியும் ஒரு குடும்பம் முதல் ஆண்டில் வேறு ஊருக்குப் பெயர்ந்தால், மீதமுள்ள உதவியும் பொறுப்பும் அந்த ஊரிலுள்ள அமைப்புக்கு உடனே மாற்றப்பட வேண்டும். இதற்குப் புதிய சட்டம் எதுவும் வேண்டியதில்லை என்றே நினைக்கிறேன். தொண்டு அமைப்புகளோடு அரசு செய்துகொள்ளும் ஒப்பந்தத்தின் நிபந்தனைகளிலேயே இவற்றைச் சேர்க்கலாம். அந்த ஒப்பந்தங்கள் மறுபடியும் எழுதப்படும் வேளையில், எண்ணிக்கையைப் பற்றி எழுதுவதோடு இதையும் தங்கள் நாளிதழ் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
கொலம்பஸ், ஒகையோ.