சின்னக் குழாய்க்கும் ஒரு தொப்பி

மலேசியாவின் சுங்கை சிப்புட் மக்களுக்கும் பழைய தோட்ட லயத்து உறவுகளுக்கும் வணக்கம்.

வெள்ளத் தண்ணீர் வீட்டுக்குள் வந்த கதையை நான் எழுதப் போவதில்லை. நீங்களும் அதே சேற்றைத்தான் வழித்துக் கொட்டினீர்கள். எங்கள் வீட்டில் ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. சுவரில் இடுப்பளவுக்குக் கறை மட்டும் போக மாட்டேன் என்கிறது.

டெலஸ்கோப்பு அலமாரி மேல் இருந்ததால் தப்பியது. 80 மில்லிமீட்டர் லென்ஸ், 600 மில்லிமீட்டர் குவியத் தூரம். பெரிசாக வாங்கியிருக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. நம் ஊரில் காலை பத்து மணிக்கே தகரக் கூரையும் தார் ரோடும் சூடேறி, காற்று நெளிய ஆரம்பித்துவிடும். பெரிய டெலஸ்கோப்பு அந்த நெளிவைத்தான் பெரிசாகக் காட்டும். கேமராவில் சூரியனோ நிலாவோ ஐந்தரை மில்லிமீட்டர் அகலத்துக்கு விழுந்தால் எனக்குப் போதும். மிச்சக் காசை நல்ல முக்காலியில் போடுங்கள்.

கீழ்த்தட்டில் இருந்த சில்லறைச் சாமான்கள்தான் போய்விட்டன: சூரிய ஒளியைக் குறைத்துக் காட்டும் ஃபிலிம், மூடிகள், கேமராவை மாட்டும் வளையம். புது ஃபிலிம் அனுப்பிய ஈப்போ நண்பருக்கும், முக்காலியைக் கழற்றி மண் எடுத்துக் கொடுத்த பட்டறைத் தம்பிக்கும், லென்ஸில் பூஞ்சை பிடிக்காமலிருக்க ஒரு டப்பா நிறைய சிலிக்கா ஜெல் பொட்டலம் சேர்த்துக் கொடுத்த மளிகைக்கடை அங்கிளுக்கும், மூன்று நாள் சோறு போட்ட பக்கத்து வீட்டு மலாய் ஆன்ட்டி மக்சிக்குக்கும் சேர்த்து ஒரு பெரிய நன்றி.

தையல் பாட்டிக்கு மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும்.

அவர் தையல் மெஷினும் தண்ணீரில் நின்றதுதான். எண்ணெய் விட்டு அப்போதுதான் ஓட ஆரம்பித்திருந்தது. ஃபிலிமை டெலஸ்கோப்புக் குழாயின் முனையில் பிடித்து நிறுத்த ஓர் உறை தைத்துத் தர முடியுமா என்று கேட்டுப் போனேன். சூரியனுக்கு ஃபிலிம் முன்பக்கம்தான் இருக்க வேண்டும். கண் வைக்கும் பக்கம் திருகுகிற கறுப்புக் கண்ணாடி யாரிடமாவது இருந்தால் தூக்கிப் போடுங்கள், குவிந்த சூட்டில் வெடித்துவிடும். ஃபிலிமில் போட்டிருக்கும் எண் அது எவ்வளவு ஒளியைத் தடுக்கும் என்பதைச் சொல்லும்; கண்ணால் பார்ப்பதற்கு 5.0 என்று போட்ட ஃபிலிம்தான். 3.8 அதைவிட அதிக ஒளியை விடும், படம் எடுக்க மட்டும்.

பாட்டி முதலில் ஃபிலிமை வாங்கி, துணியில் இழை விட்டிருக்கிறதா என்று பார்ப்பதுபோல் பல்புக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். ஊசி முனையளவு ஓட்டைகூட இல்லை. அப்புறம் டேப்பைக் குழாயில் சுற்றிக்கொண்டே, “காத்தடிச்சா கழண்டுக்குமா தம்பி?” என்றார். கழன்றால் கண் போய்விடும் என்றேன். அதற்கு மேல் பேசவில்லை. இரண்டு அட்டை வளையத்துக்கு நடுவே ஃபிலிம், சுற்றிலும் பழைய சட்டைத்துணி, இழுத்துக் கட்ட நாடா. ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டார்.

நான் கிளம்பும்போதுதான் கேட்டார்: “பெரிசுக்குச் சட்டை போட்டாச்சு. இந்தச் சின்னதுக்கு?”

குழாய் மேல் இருக்கும் ஃபைண்டர், குறி பார்க்கிற குட்டி டெலஸ்கோப்பு. அதன் மூடி தண்ணீரோடு போனதை நான் கவனிக்கவே இல்லை. பன்னிரண்டு வருசமாக இதில் இருக்கிறேன்! சின்னப் பிள்ளைகள் முதலில் கண் வைப்பது அதில்தான், விளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கும். அதன் வழியாகச் சூரியனைப் பார்த்தாலும் கண் போகும். மறுநாள் தமிழ்ப்பள்ளித் திடலில் பிள்ளைகள் வரிசையில் நிற்கப் போகிறார்கள். எனக்குக் கை நடுங்கியது. பாட்டி என்னைப் பார்க்காமல் உள்ளே அட்டை வைத்து ஒரு கறுப்புத் தொப்பி தைத்து, தானே மாட்டிவிட்டார். காசு நீட்டினேன். “பசியாறிட்டுப் போ” என்றார்.

மறுநாள் ஃபைண்டர் இல்லாமலே சூரியனைப் பிடித்தோம். குழாயின் நிழல் தரையில் சுருங்கி வட்டமாகும் வரை திருப்பினால் உள்ளே வந்துவிடும். கடைசியாகப் பாட்டியும் வந்து பார்த்தார். அந்த ஃபிலிமில் சூரியன் வெள்ளையாகத் தெரியும். “இட்லில கடுகு ஒட்டுனாப்ல இருக்கு” என்றார். அந்தக் கடுகு சூரியனில் இருக்கும் கரும்புள்ளி, நம் பூமியைவிடப் பெரிசு என்றேன். நம்பவில்லை.

பாட்டி, 2029 புத்தாண்டு பிறந்து கால் மணி நேரத்தில் நிலா முழுசாகப் பூமியின் நிழலுக்குள் போகும். அதற்கு ஃபிலிம் வேண்டாம், சட்டை வேண்டாம். டெலஸ்கோப்பை உங்கள் வாசலில்தான் வைக்கப் போகிறேன். நாற்காலியும் நானே கொண்டு வருகிறேன்.