குளத்துக்கு வந்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

ராமேஸ்வரம்,
தை மாதம்.

என் ஊர்க்காரர்களுக்கும், வெளியூரிலிருந்து வந்து கைகொடுத்துப் போனவர்களுக்கும் வணக்கம்.

இன்று விடியற்காலையில் எங்கள் தெருக்கோடிக் குளத்துக்குப் போய் உட்கார்ந்திருந்தேன். நான்கு படிதான் வெளியே தெரிகிறது, மற்றவை தண்ணீருக்குள். ஆறு வருஷத்துக்கு முன்னால் இந்தக் குளத்துக்குப் படி உண்டு என்பதே என் வயதுக்காரர்களுக்குத் தெரியாது. வேலிக்கருவை அடைத்துக் கிடந்தது. அதற்குள் பாலிதீன் பைகளும் உடைந்த தெர்மாகோல் பெட்டிகளும், யாரோ இரவில் கொண்டுவந்து கொட்டிய கட்டட இடிபாடுகளும். இன்று அதே இடத்தில் ஒரு நீர்க்காகம் இறகு உலர்த்திக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வந்ததும் இதை எழுத ஆரம்பித்துவிட்டேன். நன்றி சொல்ல வேண்டியவர்களுக்கு நேரில் சொல்லாமலே இத்தனை நாள் ஓட்டிவிட்டேன்.

முதல் நன்றி நகராட்சித் தூய்மைப் பணியாளர் அக்காமார்களுக்கு. 2019 ஜனவரி 1-ல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் தடை வந்தபோது, நாங்கள் ஏழு பேர் ஞாயிற்றுக்கிழமைகளில் அக்னி தீர்த்தக் கரையில் குப்பை பொறுக்கத் தொடங்கினோம். பையும் பாட்டிலும்தான் பெரிய வேலை என்று நினைத்துப் போனோம். அங்கே துணிதான் பெரிய வேலை. தீர்த்தமாடியவர்கள் உடுத்தியிருந்த சேலை, வேட்டி, சட்டையைக் கடலிலேயே விட்டுவிட்டுப் போகிறார்கள். அலை அதைக் கரைக்குத் தள்ளுகிறது, மணல் மூடுகிறது. ஒரு சேலையை மூன்று பேர் சேர்ந்து இழுத்தும் வரவில்லை. என் நகம் பெயர்ந்ததுதான் மிச்சம். அப்போது விளக்குமாறோடு நின்ற ஒரு அக்கா சொன்னார்: "இழுக்காதீங்கம்மா. சுத்தி மணலைத் தோண்டி விடுங்க. அலை வந்து தளர்த்தினதும் தன்னால வரும்." அப்படியே வந்தது. நாங்கள் வாரத்துக்கு இரண்டு மணி நேரம் செய்ததை அவர்கள் தினமும் செய்கிறார்கள், கையுறை இருந்தாலும் இல்லாவிட்டாலும். எங்களைப் பார்த்துப் படம் எடுத்தவர்கள் அவர்களைக் கடந்து போனார்கள். அது எனக்கு இன்றுவரை உறுத்துகிறது. அக்கா, உங்களிடம்தான் நாங்கள் தொழில் கற்றோம்.

ஆடி மாதம் வருவதற்குள் ஏழு பேர் மூன்று பேர் ஆனோம். பொறுக்குகிறோம், அடுத்த ஞாயிறு அதே அளவு கிடக்கிறது. யாருக்குத்தான் சலிக்காது? 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து கோயில் நடை சாத்தியதும் கரை கண்ணாடிபோல ஆனது. அதைப் பார்த்து எனக்குச் சந்தோஷம் வரவில்லை. யாத்திரை வருகிறவர்களை நம்பி அடுப்பெரியும் வீடுகள் எங்கள் தெருவிலேயே எத்தனை! அவர்கள் அரிசிக்கு நின்றபோது, கரை சுத்தமாக இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லவே கூச்சமாக இருந்தது.

எல்லாவற்றையும் மாற்றியது ஒரு கேள்வி. மூன்றாம் வீட்டுப் பெரியம்மா, ரவிக்கை தைக்கக் கொடுக்க வந்தவர், வாசலிலேயே நின்று கேட்டார்: "கடக்கரையக் கூட்டுறீக, நல்லதுதான். எங்க வீட்டுக் கெணறு கரிச்சுப் போச்சே தாயி, அதுக்கு என்ன செய்யப் போறீக?" எனக்குப் பதில் இல்லை. அன்று ராத்திரி தூக்கமும் இல்லை. நாங்கள் கையில் எடுத்த கவலை எங்கள் கவலை. தெருவுக்கு இருந்த கவலை வேறு. பெரியம்மா, அந்த ஒரு கேள்வியை நீங்கள் கேட்காமல் போயிருந்தால் அந்த மூன்று பேரும் கலைந்துபோயிருப்போம்.

பதில் சொன்னவர் ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர் ஒருவர். என் தையல் கடைத் திண்ணையில் உட்கார்ந்து தரையில் சுண்ணாம்புக் கட்டியால் தீவை வரைந்து காட்டினார். வடக்கே நாங்கள் பெண்கடல் என்று சொல்லும் பாக் நீரிணை, தெற்கே ஆண்கடல் என்று சொல்லும் மன்னார் வளைகுடா, நடுவில் இந்த மணல் திட்டு. மழை பெய்து மணலில் இறங்கும் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரைவிட லேசானது. அதனால் அடியில் இருக்கும் உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நல்ல நீர் நின்றால், கீழே ஏறக்குறைய நாற்பது அடிக்கு நல்ல நீர் இருக்கும். மேலே அந்த ஓர் அடியை மோட்டார் போட்டு உறிஞ்சி இறக்கிவிட்டால், கீழிருந்து உப்பு கொஞ்சம் கொஞ்சமாக அதே கணக்கில் ஏறி வரும். தங்கச்சிமடத்தில் கடலுக்குள் இருக்கும் வில்லூண்டி தீர்த்தத்தில் நல்ல தண்ணீர் எப்படி வருகிறது, தனுஷ்கோடியில் கையால் மணலைத் தோண்டினாலே குடிக்கிற தண்ணீர் எப்படி ஊறுகிறது என்பதெல்லாம் அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. 1964 புயலில் தனுஷ்கோடியை விட்டு வந்த ஒரு தாத்தா பக்கத்தில் இருந்தார். "நாங்க ஊத்துத் தோண்டி அகப்பையாலதான் மோந்து ஊத்துவோம். வாளியப் போட்டா கலங்கிரும்" என்றார். சாரின் கணக்கும் தாத்தாவின் அகப்பையும் ஒன்றையே சொன்னதாக எனக்குப் பட்டது. இருவருக்கும் என் நன்றி.

பிறகு பிள்ளைகள் வந்தார்கள். தண்ணீரில் கரைந்த உப்பை அளக்க சார் வாங்கிக் கொடுத்த ஒரு சின்ன டி.டி.எஸ். மீட்டரைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடப் பிள்ளைகள் வீடு வீடாகக் கிணற்றுத் தண்ணீரை அளந்தார்கள். குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 2000 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர அளவு. எங்கள் தெருவில் சில கிணறுகள் அந்த 2000-த்தையும் தாண்டி நின்றன. அளவுகளை ஒரு நோட்டில் எழுதி என் கடையில் நூல் கட்டித் தொங்கவிட்டோம். அதுவரை எங்களை எட்டிப் பார்க்காதவர்கள் நோட்டைப் பார்க்க வந்தார்கள். தன் வீட்டுக் கிணற்றின் எண்ணையும் பக்கத்து வீட்டு எண்ணையும் விரல் வைத்துப் படித்துவிட்டு, "இப்ப என்ன செய்யணும்?" என்று கேட்டார்கள். கூட்டம் போட்டோ நோட்டீஸ் ஒட்டியோ நாங்கள் யாரையும் சேர்க்கவில்லை. அந்த நோட்டுதான் சேர்த்தது. அளந்த பிள்ளைகளில் பாதிப் பேர் இன்று மதுரையிலும் சென்னையிலும் கல்லூரியில் இருக்கிறார்கள். கண்ணுகளா, நோட்டு இன்னும் அதே ஆணியில்தான் தொங்குகிறது.

அப்படித்தான் குளத்துக்கு வந்தோம். மழைத் தண்ணீரை நிறுத்தினால்தான் கிணறு தேறும், நிறுத்துவதற்கு நம் தெருவில் இருப்பது இந்தப் பழைய தீர்த்தக் குளம் ஒன்றுதான். அனுமதிக்காக ஓர் அலுவலகத்துக்கு மாதக்கணக்கில் நடந்தோம். கடிதம் கொடுத்ததற்குச் சான்று கேட்டால் கடிதமே வரவில்லை என்றார்கள். அங்கேயே வேலை பார்க்கும் ஒருவர் சாப்பாட்டு நேரத்தில் எங்களை மரத்தடியில் உட்கார வைத்து, எந்த வார்த்தையில் எழுதினால் மனு நகரும் என்று சொல்லிக் கொடுத்தார். அவர் பேரைச் சொல்லக்கூடாது என்று கேட்டுக்கொண்டதால் சொல்லவில்லை. ஐயா, இதைப் படித்தால் உங்களைத்தான் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும்.

வேலிக்கருவையை வேரோடு எடுத்தது கரிமூட்டம் போடுகிறவர்கள். விறகை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள், கூலி வாங்கவில்லை. ஜேசிபி ஓட்டிய தம்பி டீசலுக்கு மட்டும் காசு வாங்கினார். தூர் வாரிய மூன்றாம் நாள் நடந்ததை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். எல்லாருக்கும் உற்சாகம். இன்னும் ஆழமாகத் தோண்டினால் இன்னும் தண்ணீர் நிற்கும் என்று நானும்தான் கத்திக்கொண்டிருந்தேன். கிணறு வெட்டியே வாழ்ந்த ஒரு தாத்தா கைத்தடியை ஊன்றிக் குளத்துக்குள் இறங்கினார். அடிமண்ணை ஒரு பிடி எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். "போதும். இதுக்கு மேல ஒரு மம்பட்டி மண்ணு எடுத்தாலும் உப்பு மேல வந்துரும்" என்றார். வண்டி நின்றது. அன்று அவர் வராமல் இருந்திருந்தால் நாங்களே எங்கள் கையால் குளத்தைக் கெடுத்திருப்போம். தாத்தா போன வருஷம் காலமாகிவிட்டார். குளம் நிறைந்ததைப் பார்த்துவிட்டுத்தான் போனார் என்பது ஒன்றே ஆறுதல். இந்த நன்றியை அவர் பேரப்பிள்ளைகள் வாங்கிக்கொள்ள வேண்டும்.

வீடுகளில் மழைநீர் சேகரிப்புக் குழாய் 2003-லேயே கட்டாயமானதுதான். எங்கள் தெருவில் பல வீட்டில் குழாய் இருந்தது, அது கொண்டுபோய் விடும் குழிதான் தூர்ந்துபோயிருந்தது. குழாய் வேலை பார்க்கும் அண்ணன்மார் இருவர் வேலை முடிந்து வரும் வழியில் தினம் ஒரு வீடாகச் சரிசெய்தார்கள். ஒரு டீதான் கூலி.

துணி விஷயத்துக்குத் திரும்புகிறேன், அதிலும் நிறையப் பேருக்குக் கடன்பட்டிருக்கிறேன். கரையில் கிடக்கும் சேலைகளை வெளுத்துப் பை தைத்து விற்கலாம் என்று நான்தான் யோசனை சொன்னேன். பெரியம்மா முகத்துக்கு நேராகவே மறுத்தார்: "யாரோ பாவத்தத் தொலைச்சுட்டுப் போன துணி. அதுல நான் காய்கறி வாங்க மாட்டேன்." அன்று எனக்குக் கோபம் வந்தது. யோசித்தபின் அவர் பக்கம் நியாயம் தெரிந்தது. மனசு ஒப்பாத பையை வீட்டுக்குள் எப்படி வைப்பார்கள்? ஊரிலுள்ள தையல்காரர்கள் அத்தனை பேரும் கடையில் சேரும் வெட்டுத்துணியைக் கொடுத்தார்கள், பை அதில் பிறந்தது. மீன் விற்கும் அக்காமார் பனையோலைப் பெட்டிக்குத் திரும்பினார்கள். தூக்குச்சட்டி கொண்டு வருகிறவர்களுக்கு ஒரு கை கூடுதலாக அள்ளிப் போடுகிறார்கள்.

கடலில் துணி விழுவது குறையத் தொடங்கியதற்குக் காரணம் வேறு ஆட்கள். ஒரு புரோகிதர் ஐயா கரையில் நின்று, உடுத்திய துணியைக் கடலில் விட வேண்டும் என்று எந்தச் சாஸ்திரமும் சொல்லவில்லை என்று வருகிறவர்களிடம் தானே எடுத்துச் சொன்னார். கோயிலுக்குள் இருபத்திரண்டு தீர்த்தத்திலும் வாளி போட்டு இறைத்து ஊற்றும் யாத்திரைப் பணியாளர்கள், ஆட்டோக்காரத் தம்பிகள் எல்லாரும் அதை இந்தியிலும் தெலுங்கிலும் சொன்னார்கள். நாங்கள் தமிழில் பலகை எழுதி வைத்தோம். வடக்கேயிருந்து வருகிறவர் அதை எப்படிப் படிப்பார் என்று ஓர் ஆட்டோத் தம்பி கேட்டபிறகுதான் எங்களுக்கு உறைத்தது. துணி இன்றும் விழுகிறது. முன்னைப்போல் விழவில்லை.

தனுஷ்கோடிப் பக்கம் கரையில் நின்றே கரைவலை இழுக்கும் சம்மாட்டிகளுக்கும் (வலைக்குச் சொந்தக்காரர்கள்) ஆட்களுக்கும் தனியாகச் சொல்ல வேண்டும். வலையின் மடியைக் கரைக்கு இழுத்துக் கொட்டினால் மீனோடு பையும் பாட்டிலும் அறுந்த தங்கூஸ் என்ற நைலான் வலையும் வருகிறது. முன்பெல்லாம் மீனைப் பொறுக்கிவிட்டு மற்றதை அங்கேயே விட்டுவிடுவார்கள், அடுத்த அலையில் அது கடலுக்குப் போய்விடும். இப்போது சாக்கில் கட்டிக் கரையேற்றுகிறார்கள். மீன்பாடு இல்லாத நாளிலும் சாக்கு நிறைகிறது அண்ணே, அந்த வருத்தத்தோடேயே நீங்கள் சுமந்து வருவதை நான் பார்த்திருக்கிறேன்.

2024 நவம்பர் 20. அந்த நாளை ராமேஸ்வரத்தில் யாரும் மறக்க முடியாது. ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்தது. குளம் சாயங்காலத்துக்குள் விளிம்பைத் தொட்டது. ஆனால் நாங்கள் ஒரு தவறு செய்திருந்தோம். வரத்து வாய்க்காலைச் சுத்தம் செய்தவர்கள், குளம் நிறைந்தால் தண்ணீர் வெளியேறும் கீழண்டை வாய்க்காலை அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று விட்டுவிட்டோம். பாலத்தடியில் பாலிதீன் அடைத்துக்கொண்டு தண்ணீர் தாழ்வான வீடுகளுக்குள் ஏறியது. இருட்டில், மின்சாரம் இல்லாமல், கடப்பாரையோடு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி அடைப்பைப் பிடுங்கிய பையன்கள் எட்டுப் பேர். அதில் ஐந்து பேர் அதுவரை எங்களோடு பேசியதுகூடக் கிடையாது. தண்ணீர் ஏறிய வீட்டுக்காரர்களிடம் அன்றே மன்னிப்புக் கேட்டேன், இங்கேயும் கேட்கிறேன். மறுநாள் காலையில் பாய் படுக்கையை வெயிலில் போட்டுவிட்டு அந்த வீட்டுப் பெண்களே வாய்க்காலுக்கு வந்து நின்றார்கள். எங்களைத் திட்ட வந்தார்கள் என்று நினைத்தேன். கூடை கேட்டார்கள்.

கிணறு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். பெரியம்மா வீட்டுக் கிணற்றில் மழைக்குப் பிறகு அளவு நன்றாக இறங்கியிருக்கிறது. குடிக்க இன்னும் குழாய்த் தண்ணீர்தான். சோறு வடிக்கலாம், பருப்பு வேகிறது என்கிறார். சித்திரை வெயிலில் என்ன ஆகும் என்பதை நோட்டில்தான் பார்க்க வேண்டும்.

பூக்கழிவு உரத்தை வாங்கிப்போகும் தங்கச்சிமடத்து மல்லிகை நாற்றுக்காரர்கள், வெளிநாட்டிலிருந்து கேட்காமலே பணம் அனுப்பிய ஊர்ப்பிள்ளைகள், கணக்கு எழுதும் மளிகைக்கடை அண்ணாச்சி, ஞாயிறுதோறும் சுக்குக் காப்பி போட்டு அனுப்பும் என் அம்மா எல்லாருக்கும் நன்றி. குளத்தில் குப்பை கொட்டிய ஒரு விடுதியோடு வாசலில் நின்று சண்டை போட்டோம். இப்போது அவர்கள் குப்பையைப் பிரித்துத் தருகிறார்கள். அதற்கும் நன்றி சொல்லத்தான் வேண்டும், மனதாரச் சொல்கிறேன்.

விட்டுப்போன பெயர்கள் இருக்கும். கடைக்கு வந்து உரிமையோடு கேளுங்கள்.

மாசி முதல் ஞாயிறு கீழண்டை வாய்க்கால் வேலை. காலை ஆறு மணி. மம்பட்டி இரண்டு குறைகிறது, வைத்திருப்பவர்கள் முதல் நாளே தையல் கடையில் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
குளத்துத் தெருத் தையல்காரி