விண்ணப்பத் தளங்கள் எந்தக் கோப்பையும் சோதிக்காமல் ஏற்பதைத் தடுக்கக் கோரி மனு

அனுப்புநர்:
ஆன்லைன் விண்ணப்ப மையம் நடத்துபவர்,
மேலூர், மதுரை மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், மதுரை.

பொருள்: பொதுமக்கள் ஆவணம் ஏற்றும் இணையதளங்களில் கோப்புச் சோதனையைக் கட்டாயமாக்குவது, குறையைத் தெரிவிக்க ஒரு வழி ஏற்படுத்துவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

மேலூரில் ஜெராக்ஸ் கடையோடு சேர்த்து ஆன்லைன் விண்ணப்பம் போட்டுக் கொடுக்கும் மையம் நடத்துகிறேன். சுற்றியுள்ள கிராமத்து மக்களின் ஆதார், பட்டா, சாதிச் சான்று, மதிப்பெண் பட்டியல் எல்லாம் என் ஸ்கேனர் வழியாகத்தான் ஏதோ ஒரு சர்வருக்குப் போகின்றன. இப்போது அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டுக்குக்கூட இணையத்தில்தான் பதிவு. (அந்தத் தளத்தில் குறை என்று நான் சொல்லவில்லை. எந்த அளவுக்கு எல்லாமே இணையத்துக்கு வந்துவிட்டது என்பதற்காகச் சொல்கிறேன்.)

சென்ற அட்மிஷன் சமயத்தில் ஒரு விண்ணப்பத் தளத்தில் மாணவி ஒருவர் மதிப்பெண் பட்டியலை ஏற்றினார். அவர் கொண்டுவந்தது பிடிஎஃப் அல்ல, தேர்வு முடிவுப் பக்கத்தை மொபைலில் அப்படியே சேமித்த எச்டிஎம்எல் (வலைப்பக்க வகை) கோப்பு. "பிடிஎஃப், ஜேபிஜி மட்டும்" என்று எழுதியிருந்த தளம் அதை மறுக்காமல் வாங்கிக்கொண்டது. சரிபார்க்க "பார்வையிடு" என்பதை அழுத்தினால், அந்தக் கோப்பு அதே தளத்தின் முகவரியில் ஒரு வலைப்பக்கமாகவே திறந்தது. உதவி எண்ணுக்குப் போன் செய்தேன். "விண்ணப்பம் சப்மிட் ஆகிவிட்டதல்லவா, அப்புறம் என்ன பிரச்சினை?" என்றார்கள். பிரச்சினை அங்கேதான் தொடங்குகிறது.

மாணவி கொண்டுவந்தது ஆபத்தில்லாத கோப்பு. அதே இடத்தில் வேறொருவர் பிஎச்பி (சர்வரில் இயங்கும் நிரல் மொழி) கோப்பு ஒன்றை ஏற்றுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஏற்றிய கோப்புகள் யாரும் பிரவுசரில் திறக்கக்கூடிய, தளத்தின் பொதுக் கோப்புறைக்குள் கிடந்து, அங்கே பிஎச்பி இயங்கவும் அனுமதி இருந்தால், அந்தக் கோப்பின் முகவரியை பிரவுசரில் தட்டினாலே சர்வர் அதை ஒரு நிரலாக இயக்கிவிடும். இப்படிப்பட்ட கோப்பை 'வெப் ஷெல்' என்பார்கள். ஒற்றை வரி நிரல் போதும். அதன் பிறகு அந்த ஆள் தன் வீட்டிலிருந்தே சர்வருக்குக் கட்டளை கொடுக்கலாம், தரவுத்தளக் கடவுச்சொல்லைப் படிக்கலாம், மக்கள் ஏற்றிய ஆவணங்களையெல்லாம் மொத்தமாக அள்ளிக்கொண்டு போகலாம்.

பல தளங்களில் சோதனையே இல்லை என்றும் சொல்ல முடியாது. ஆனால் அது விண்ணப்பிப்பவரின் பிரவுசரிலேயே நடக்கிறது. விஷயம் தெரிந்தவர் அதைச் சுலபமாகத் தாண்டிவிடுவார். "இது ஜேபிஜி படம்" என்று கோப்போடு வரும் குறிப்பும் அனுப்புபவர் தானாகச் சொல்வதுதான். அதை நம்புவது, மூட்டையின் மேல் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு அவிழ்த்துப் பார்க்காமல் குடோனில் அடுக்குவதைப் போன்றது.

இது நானாகக் கிளப்பும் பயமும் அல்ல. மென்பொருள் பலவீனங்களை வரிசைப்படுத்தும் சிடபிள்யூஇ பட்டியலில், கோப்பைச் சோதிக்காமல் ஏற்கும் இந்தக் குறைக்கு 434 என்று தனி எண்ணே உண்டு. 2023, 2024 ஆண்டுகளின் மிக ஆபத்தான 25 பலவீனங்களில் இது 10-வது இடத்தில் இருந்தது. 2025 ஏப்ரலில் பெரிய நிறுவனங்கள் பயன்படுத்தும் எஸ்ஏபி நெட்வீவர் மென்பொருளிலேயே, லாகின் செய்யாமல் யாரும் கோப்பு ஏற்றக்கூடிய ஓட்டை வெளியே வந்தது. அதற்குத் தரப்பட்ட தீவிர மதிப்பெண் 10-க்கு 10. அவ்வளவு பெரிய மென்பொருளுக்கே அந்த நிலை என்றால், குறைந்த விலைக்கு டெண்டர் எடுத்து அவசரத்தில் செய்த ஒரு தளத்தை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கிறது.

அதனால் மாவட்ட நிர்வாகத்தின் கீழ் வரும் அலுவலகங்களும், அரசு உதவி பெறும் நிறுவனங்களும் நடத்துகிற, ஆவணம் ஏற்றும் தளங்கள் அனைத்தையும் அடுத்த அட்மிஷன் தொடங்கும் முன் சோதிக்க உத்தரவிட வேண்டுகிறேன். தேசிய தகவலியல் மையத்தின் மாவட்ட அலுவலர்களிடம் இதற்கு ஆலோசனை கேட்கலாம். பார்க்க வேண்டியவை கடினமானவை அல்ல. அனுமதித்த வகைக் கோப்பு மட்டும் உள்ளே வர வேண்டும், அதுவும் சர்வரில் உள்ளடக்கத்தைப் படித்துப் பார்த்த பிறகு. கோப்பின் பெயரை மாற்றி, ஊகிக்க முடியாத பெயரில் பொதுக் கோப்புறைக்கு வெளியே சேமிக்க வேண்டும். அங்கே எந்த நிரலும் இயங்கக்கூடாது. அளவுக்கு வரம்பும் வைரஸ் சோதனையும் வேண்டும். புதிதாகத் தளம் செய்யும் ஒப்பந்தங்களில், மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் அங்கீகாரம் பெற்ற தணிக்கையாளரின் சான்று வந்த பிறகே கடைசித் தவணை என்று எழுதிவிட்டால் பாதி வேலை முடிந்துவிடும். ஒரு முறை நடந்து முடிந்த நிகழ்ச்சிக்காகச் செய்து, அப்படியே மறந்துபோன பழைய தளங்களை மூடிவிடவும் வேண்டுகிறேன். அவற்றை யாரும் புதுப்பிப்பதில்லை.

இன்னொன்று. குறையைப் பார்த்தவர் யாரிடம் போய்ச் சொல்வது? இணையக் குற்றத்துக்கு 1930 என்ற உதவி எண் இருக்கிறது. அது பணம் பறிபோனவர்களுக்குப் பயன்படுகிறது. தளத்தில் ஓட்டை இருக்கிறது என்று சொல்ல மாவட்ட அளவில் தெளிவான இடம் எனக்குக் கிடைக்கவில்லை. சொன்னால் "நீதான் உள்ளே புகுந்தாய்" என்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-வது பிரிவைக் காட்டுவார்களோ என்று எங்களைப் போன்ற கடைக்காரர்களுக்குத் தயக்கம். ஒரு மின்னஞ்சலும், அதைப் பார்க்க ஒரு அலுவலரும், நல்லெண்ணத்தில் சொல்பவர் மீது நடவடிக்கை இல்லை என்ற ஓர் அறிவிப்பும் போதும்.

இணையப் பாதுகாப்புச் சம்பவம் தெரியவந்தால் 6 மணி நேரத்தில் தெரிவிக்க வேண்டும், கணினி இயக்கப் பதிவுகளை (லாக்) 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்று செர்ட்-இன் 28.04.2022 அன்று பிறப்பித்த உத்தரவு அரசு அமைப்புகளுக்கும் பொருந்தும். 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், உரிய பாதுகாப்பு செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்கிறது. ஆனால் அபராதம் வந்தாலும், வெளியே போன ஆதார் நகலைத் திரும்ப வாங்க முடியாது. அதை வைத்து யாராவது கடன் வாங்கினால், ஊர் ஊராக அலையப்போவது அந்த மாணவியின் அப்பாதான்.

நான் பார்த்த தளத்தின் பெயரை இந்த மனுவில் எழுதவில்லை. குறை சரியாகும் முன் பெயர் வெளியே தெரிந்தால் கெட்டவர்களுக்கு வழிகாட்டியதாகிவிடும். பெயரும் ஸ்கிரீன்ஷாட்களும் மூடிய உறையில் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன. விசாரணைக்கு அழைத்தால் எந்த நாளிலும் நேரில் வந்து காட்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)

இடம்: மேலூர்
இணைப்பு: மூடிய உறை ஒன்று